தென்னை மரம் 'ரத்தக் கண்ணீர்' வடிக்கிறதா? உஷார்! கொல்லைப்புற மரத்தை காப்பாற்றுவது எப்படி?

பட்டுக்கோட்டை:

வீட்டுக் கொல்லையில் நிற்கும் தென்னை மரத்தில், அடிப்பக்கம் செம்பழுப்பாக ஏதோ ஒழுகி காய்ந்து போயிருக்கிறதா? கிட்டப் போய் பார்த்தால் ரத்தம் வடிந்து உறைந்த மாதிரி இருக்கிறதா?

"யாரோ கண்ணு வச்சுட்டாங்க..." என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுபவர்கள் உண்டு. "பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டை போட்டு பெருங்காயத்தை வச்சுட்டான்" என்று சண்டைக்கு கிளம்புபவர்களும் உண்டு. இன்னும் சிலர், 'நல்ல தடியா இருக்கு, தானா சரியாயிடும்' என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றுமே தப்பு. மரத்தில் இருந்து சாறு வடிவதற்கு பக்கத்து வீட்டுக்காரர் காரணம் இல்லை. பெரும்பாலும் பூஞ்சாணம், இல்லாவிட்டால் வண்டு. ஆரம்பத்திலேயே பார்த்தால் ஓர் உளி, கொஞ்சம் மயில்துத்தம், கொஞ்சம் சுண்ணாம்பு போதும். தள்ளிப் போட்டால் மரத்தையே வெட்ட வேண்டியதுதான்.

நல்லா கவனித்த ஒரு நாட்டுத் தென்னை வருஷத்துக்கு 80 முதல் 100 காய் வரை கொடுக்கும். குழம்புக்கும், சட்னிக்கும், கடையில் காசு கொடுக்காமல் ஒரு குடும்பத்தை ஓட்டிவிடும். தேங்காய் விலை ஏறி இறங்கும் இந்த காலத்தில் அந்த ஒரு மரம் போனால் வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழும்.

எங்கே வடிகிறது? அதுதான் முக்கியம்!

சாறு வடிவது என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் வந்தால் மலேரியாவா, டைபாய்டா என்று டாக்டர் பார்க்கிற மாதிரி, மரத்திலும் எந்த நோய் என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு நோய்க்கான மருந்தை இன்னொன்றுக்கு போட்டால் காசும் போச்சு, மரமும் போச்சு.

தென்னையில் சாறு வடிய முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. சாறு வடிதல் நோய், தஞ்சாவூர் வாடல் நோய், சிவப்பு கூன்வண்டு.

மரத்தின் முன்னால் நின்று மூன்று இடங்களை பாருங்கள். முதலில் தண்டில் வடியும் இடம். அடுத்து மேலே கொண்டை. கடைசியாக அடியில் வேர்ப்பகுதி.

தண்டு வெடிப்பில் மட்டும் வடிகிறது, கொண்டை பச்சையாக நன்றாக இருக்கிறது என்றால் சாறு வடிதல் நோயாக இருக்கலாம்.

தரையை ஒட்டி 3 அடி உயரத்துக்குள் வடிகிறது, மேலே அடிமட்டைகள் மஞ்சளாகி தொங்குகின்றன என்றால் தஞ்சாவூர் வாடலாக இருக்கலாம்.

தண்டில் ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டையில் மென்று துப்பிய மாதிரி நார் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், கூன்வண்டுதான்.

1. சாறு வடிதல் நோய்

இது புது நோய் இல்லை. 1906-ம் ஆண்டிலேயே இலங்கையில் பெட்ச் என்ற ஆராய்ச்சியாளர் இதை பதிவு செய்திருக்கிறார். இந்தியாவில் 1922-ல் சுந்தரராமன் பதிவு செய்தார். நூறு வருஷத்துக்கு மேலாக நம்மோடு இருக்கும் நோய்தான்.

தைலாவியாப்சிஸ் என்ற பூஞ்சாணம் இதற்கு காரணம். இதற்கு தானாக மரத்தை துளைக்கத் தெரியாது. தண்டில் வெடிப்போ, வெட்டுக்காயமோ இருந்தால் அதன் வழியாக நுழைந்துவிடும். உள்ளே போனதும் தண்டின் சதையை அழுக வைக்கும். அழுகிய சாறுதான் செம்பழுப்பு நிறத்தில் வெளியே வழிகிறது. காற்று பட்டு காய்ந்ததும் கறுத்துப் போகிறது.

முதலில் அடித்தண்டில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறை தெரியும். பிறகு பக்கத்தில் இன்னொன்று, அதற்கு மேலே இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போகும். கறை இருக்கும் இடத்தை உளியால் லேசாக செதுக்கினால் உள்ளே சதை மஞ்சளாக, பழுப்பாக அழுகி இருக்கும்.

வெளியே தெரிவது கையளவு என்றால் உள்ளே அழுகல் அதைவிட பெரிதாக இருக்கும். அதனால்தான் "கொஞ்சமாத்தானே இருக்கு" என்று சும்மா இருக்கக் கூடாது.

இந்த நோயில் மரம் உடனே செத்துவிடாது. ஆனால் நாளாக நாளாக மட்டை சிறுத்து, தண்டு மேலே போகப் போக ஒல்லியாகி, காய் குறைந்து, கடைசியில் பேருக்கு நிற்கும்.

சிகிச்சை என்ன?

கூர்மையான உளியை எடுத்து, கறை பிடித்த பகுதியை செதுக்குங்கள். அழுகல் முழுவதும் போய், உள்ளே நல்ல வெள்ளை சதை தெரியும் வரை செதுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பலன் இல்லை. அதற்காக தண்டில் பாதியை தோண்டிவிடவும் கூடாது. அழுகல் அவ்வளவு ஆழமாக போயிருந்தால் நீங்களாக கை வைக்காமல் வேளாண் அதிகாரியை கூப்பிடுங்கள்.

செதுக்கிய சிராய்களை மரத்தடியில் போடாதீர்கள். ஒன்று விடாமல் பொறுக்கி தூரமாக கொண்டுபோய் எரித்துவிடுங்கள். அதிலும் பூஞ்சாணம் இருக்கும். உளியையும் நன்றாக கழுவி, தீயில் காட்டிவிட்டுத்தான் அடுத்த மரத்தில் வைக்க வேண்டும்.

செதுக்கிய காயத்தில் போர்டோ பசையை பூசுங்கள். அது நன்றாக காய்ந்த பிறகு, ஓரிரு நாள் கழித்து, அதன் மேல் தார் பூசினால் மழைத்தண்ணீர் உள்ளே போகாது.

இயற்கை முறையில் செய்ய நினைப்பவர்கள், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியை தண்ணீரில் குழைத்து பசை போல் பூசலாம். 50 கிராம் பொடிக்கு 25 மில்லி தண்ணீர் போதும். ஆனால் ஒன்று. போர்டோ பசையையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே காயத்தில் சேர்த்து பூசக் கூடாது. மயில்துத்தம் கெட்ட பூஞ்சாணத்தோடு நல்ல பூஞ்சாணத்தையும் கொன்றுவிடும். இரண்டில் ஒன்றுதான்.

கூடவே மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கை வருஷம் ஒருமுறை, தண்டை விட்டு தள்ளி வட்டப்பாத்தியில் போட்டு மண்ணை கிளறி தண்ணீர் விடுங்கள்.

போர்டோ பசை வீட்டிலேயே தயார்!

கடையில் அலைய வேண்டாம். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் வாங்குங்கள்.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி மயில்துத்தத்தை பொடி செய்து கரையுங்கள். இன்னொரு டப்பாவில் அரை லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்பை தாளித்து, ஆறிய பிறகு கல் இல்லாமல் வடிகட்டுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக கலந்து கிளறினால் வானநீல நிறத்தில் பசை ரெடி.

இரும்பு வாளி, சில்வர் பாத்திரம் ஆகவே ஆகாது. மண்சட்டி அல்லது பிளாஸ்டிக்தான். சமையலுக்கு பயன்படும் பாத்திரத்தை தொடவே தொடாதீர்கள்.

கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி. பளபளப்பான இரும்பு கத்தியை அதில் சிறிது நேரம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். அன்றைக்கு கலந்ததை அன்றைக்கே பூசிவிட வேண்டும், மறுநாளைக்கு வீரியம் இருக்காது.

மயில்துத்தம் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

2. நம்ம ஊர் பேரையே கெடுத்த தஞ்சாவூர் வாடல்

1952-ல் புயலுக்கு பிறகு தஞ்சாவூர் மாவட்டத்தில் பெரிய அளவில் தென்பட்டதால் இந்த நோய்க்கு 'தஞ்சாவூர் வாடல்' என்றே பெயர் வந்துவிட்டது. அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். மூன்றில் மிக மோசமானது இதுதான். முத்திய பிறகு மரத்தை காப்பாற்ற முடியாது. பக்கத்து மரத்துக்கும் பரவும்.

கேனோடெர்மா என்ற பூஞ்சாணம் மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறுகிறது. முதலில் வேர் அழுகும். வேர் அழுகினால் தண்ணீர் மேலே ஏறாது. அதனால் அடிமட்டைகள் மஞ்சளாகி, பாவாடை கட்டிய மாதிரி தண்டைச் சுற்றி தொங்கும். தரையை ஒட்டி 3 அடி உயரத்துக்குள் செம்பழுப்பு சாறு வடியும். குரும்பை கொட்டும்.

மழைக்காலத்தில் அடித்தண்டில் விசிறி மாதிரி, மேலே பளபளவென்று ஒரு காளான் முளைத்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

நோய் கண்ட மரத்தைச் சுற்றி, 4, 5 அடி தள்ளி, 2 அடி ஆழம் 1 அடி அகலத்துக்கு ஒரு குழி வெட்டி தனிமைப்படுத்த வேண்டும். அந்த மரத்து பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்கு போகக் கூடாது. வேரோடு வேர் உரசுவதாலும், தண்ணீர் மூலமாகவும்தான் நோய் பயணம் போகிறது.

பாத்தி மண் நனைய 1 சதவீத போர்டோ கலவை 40 லிட்டர் ஊற்ற வேண்டும். இதற்கு மயில்துத்தம் 400 கிராம், சுட்ட சுண்ணாம்பு 400 கிராம். இரண்டையும் 20 லிட்டர் தண்ணீரில் தனித்தனியாக கரைத்து பிறகு கலக்க வேண்டும்.

வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு அவசியம். டிரைக்கோடெர்மாவை தொழு உரத்தில் கலந்து இடலாம். ஆனால் போர்டோ கலவை ஊற்றி சில வாரம் இடைவெளி விட்ட பிறகே இட வேண்டும்.

கோடையில் தண்ணீர் காட்டாமல் விட்ட மரங்களைத்தான் இந்த நோய் அதிகமாக பிடிக்கிறது. தோப்பில் ஊடுபயிராக வாழை வைத்தால் நோயின் வேகம் குறையும் என்பதும் வேளாண் துறையின் பரிந்துரை. கொல்லையில் இரண்டு வாழை வைப்பது பெரிய காரியம் இல்லை.

செத்துப்போன மரத்தை தண்டோடு வெட்டி விறகாக்கிவிட்டு அடிக்கட்டையை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் வினை. அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து எரிக்காவிட்டால், அதே குழியில் வைக்கும் புது தென்னம்பிள்ளையையும் நோய் பிடிக்கும்.

3. காதை வைத்தால் 'கரகர' சத்தம்!

மூன்றாவது வில்லன் சிவப்பு கூன்வண்டு. 5 வயது முதல் 20 வயது வரை உள்ள இளம் மரங்கள்தான் இதன் குறி.

டெல்டா மக்கள் இதை கவனிக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ந்தேதி கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அதற்கு பதிலாக அடுத்த ஓரிரு வருஷத்தில் வைத்த பிள்ளைகள் இப்போது 5 வயதை தாண்டி நிற்கின்றன. அதாவது, வண்டுக்கு பிடித்த வயது!

தண்டில் எங்கே காயம் இருக்கிறதோ அந்த வாசனைக்கு இந்த வண்டு வந்து முட்டை வைக்கும். உள்ளே பொரியும் புழு தண்டை குடைந்து தின்னும். வெளியே ஓட்டை, பழுப்பு சாறு, மென்ற நார். தண்டில் காதை வைத்து கேட்டால் 'கரகர'வென்று கடிக்கும் சத்தம் கேட்கும். நடுக்குருத்து வாடி, கடைசியில் கொண்டை ஒடிந்து விழுந்துவிடும். அதற்கு பிறகு வைத்தியம் இல்லை.

ஆரம்பத்திலேயே தெரிந்தால், கீழே உள்ள ஓட்டைகளை களிமண் அல்லது சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, மேல் ஓட்டை வழியாக மருந்து தண்ணீரை புனல் வைத்து ஊற்றி அதையும் அடைப்பதுதான் வழி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி இமிடாகுளோபிரிட் என்பது பரிந்துரை. வேளாண் அதிகாரியிடம் மரத்தை காட்டிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டுதான் இதை செய்ய வேண்டும்.

வராமல் தடுக்க, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடலாம். பச்சை மட்டையை வெட்டக் கூடாது. வெட்டியே ஆகவேண்டும் என்றால் தண்டில் இருந்து 4 அடி விட்டு வெட்ட வேண்டும்.

இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாமே என்று கேட்கலாம். அது தெருவே சேர்ந்து, மரங்களை விட்டு தள்ளி வைக்க வேண்டிய சமாச்சாரம். ஒரே ஒரு மரத்துக்காக கொல்லைக்குள் தொங்கவிட்டால் ஊர் வண்டை எல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதைதான்.

பழைய நோட்டீசை கிழித்துப் போடுங்க!

இதுதான் முக்கியமான விஷயம். தென்னை நோய்க்கு 'காலிக்சின்' மருந்தை பூசுங்கள், வேரில் கட்டுங்கள் என்று பல வருஷமாக நோட்டீசிலும் புத்தகத்திலும் போட்டு வந்தார்கள். அதில் இருக்கும் டிரைடிமார்ப் என்ற மருந்தை மத்திய அரசு 2018-ல் தடை செய்துவிட்டது.

அதேபோல வண்டுக்கு வேரில் கட்டி வந்த மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீத மருந்துக்கும் 2023-ல் தடை உத்தரவு வந்துவிட்டது. மனிதனுக்கு கடும் விஷமான மருந்து இது.

ஆனால் பழைய பாட்டில் இன்னும் சில வீட்டு பரணில் இருக்கிறது. "எங்கிட்ட மருந்து இருக்கு, வேர்ல கட்டி விடுறேன், நாலு நாள்ல சரியாயிடும்" என்று யாராவது வந்தால் பாட்டிலில் என்ன பெயர் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் மரத்தை தொட விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வேரில் கட்டும் மருந்து தண்ணீரோடு மரம் முழுக்க ஏறும். காய்க்கும் போகும், இளநீருக்கும் போகும். அதனால்தான் வேரில் மருந்து கட்டும் முன்பே பறிக்க வேண்டிய காயை பறித்துவிட வேண்டும், கட்டிய பிறகு 45 நாள் வரை காயோ இளநீரோ தொடக்கூடாது என்று வேளாண் துறை சொல்கிறது.

தோப்பில் இதை கடைப்பிடிப்பது சுலபம். கொல்லையில்? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை தாகத்துக்கு ஓர் இளநீரை தள்ளிக் குடித்துவிடும். மருந்து கட்டினால் வீட்டில் உள்ள எல்லோருக்கும், பக்கத்து வீட்டுக்கும், மரம் ஏறுபவருக்கும் சொல்லிவிடுங்கள். தேதியை எழுதி மரத்திலேயே ஒரு அட்டையை கயிற்றில் கட்டி தொங்கவிடுங்கள்.

தஞ்சாவூர் வாடலுக்கு இப்போது ஹெக்சகோனசோல் மருந்தை 100 மில்லி தண்ணீரில் 2 மில்லி கலந்து, 3 மாதத்துக்கு ஒருமுறை வேரில் கட்ட பரிந்துரைக்கிறார்கள். அதையும் அதிகாரி வந்து நோயை உறுதி செய்த பிறகே கட்ட வேண்டும்.

நோயை நாமேதான் கூப்பிடுகிறோம்!

அட்டையை கயிற்றில் கட்டச் சொன்னதற்கு காரணம் இருக்கிறது. துணி காயப்போட தென்னை மரத்தில்தான் ஆணி அடிக்கிறோம். மாட்டை கட்ட வளையம் அடிக்கிறோம். ஏறுவதற்கு வசதியாக தண்டில் படி வெட்டுகிறோம். அரிவாள் கூர் இருக்கிறதா என்று மரத்திலேயே ஒரு கொத்து கொத்திப் பார்க்கிறோம். மரத்தடியில் குப்பையை கொளுத்துகிறோம். இந்த ஒவ்வொரு காயமும் பூஞ்சாணத்துக்கும் வண்டுக்கும் திறந்த கதவு.

தென்னைக்கு மாமரம் மாதிரி காயத்தை மூடி வளரும் பட்டை கிடையாது. ஒருதடவை வெட்டினால் அந்த காயம் ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்.

அடுத்தது தண்ணீர். குளியலறை, துணி துவைக்கும் தண்ணீர் எல்லாம் தென்னைக்குத்தான் விடுகிறோம். பாய்ந்து போனால் பரவாயில்லை. குட்டையாக தேங்கினால் வேருக்கு மூச்சு முட்டும். கோடை முழுக்க காயப்போட்டுவிட்டு, மழையில் திடீரென்று மூழ்கவிட்டால் தண்டில் வெடிப்பு விழும். சாறு வடிதல் நோய்க்கு இதுதான் ஆரம்பம்.

உரமும் வேண்டும். காய்க்கும் மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இதை இரண்டாக பிரித்து ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி போடலாம். சாப்பாடு சரியாக இருந்தால் மனுஷனுக்கு மாதிரி மரத்துக்கும் எதிர்ப்பு சக்தி வரும்.

எலுமிச்சை, மாமரத்துலயும் பிசின் வடியுதா?

எலுமிச்சையில் தரையை ஒட்டிய தண்டில் பிசின் முத்து முத்தாக வடிந்து, பட்டை வெடித்து உரிந்தால் அதுவும் பூஞ்சாண நோய்தான். தண்டைச் சுற்றி மண்ணை குவித்து, தண்ணீர் தண்டிலேயே நிற்கும்படி பாத்தி கட்டுவது காரணம். மண்ணை விலக்கி, தண்டு நனையாத மாதிரி தள்ளி வட்டப்பாத்தி போடுங்கள். அழுகிய பட்டையை சுரண்டிவிட்டு அதே போர்டோ பசையை பூசுங்கள்.

மாமரத்தில் பிசின் வடியும் இடத்தில் ஓட்டையும், அடியில் மரத்தூளும் கொட்டிக் கிடந்தால் அது தண்டு துளைப்பான் புழு. ஓட்டைக்குள் வளைத்த கம்பியை விட்டு புழுவை குத்தி வெளியே இழுத்துவிட்டு ஓட்டையை களிமண்ணால் அடைக்க வேண்டும். பசையை மட்டும் பூசினால் உள்ளே புழு ஜாலியாக தின்றுகொண்டே இருக்கும்.

யாரிடம் கேட்பது?

சந்தேகம் வந்தால் உங்கள் ஒன்றியத்தில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு போங்கள். வடியும் இடம், கொண்டை, அடிப்பகுதி மூன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் அதிகாரி பார்த்து சொல்ல வசதியாக இருக்கும்.

தமிழ்நாடு வேளாண்மை பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையங்கள் தஞ்சை மாவட்டம் வேப்பங்குளத்திலும், பொள்ளாச்சி பக்கம் ஆழியார்நகரிலும் இருக்கின்றன. உழவர் உதவி மையத்தின் 1800-180-1551 என்ற இலவச எண்ணுக்கு காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போன் போட்டு தமிழிலேயே கேட்கலாம். ஏக்கர் கணக்கில் தோப்பு இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரே ஒரு மரம் இருந்தாலும் கேட்கலாம்.

அதனால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மரத்தை ஒரு சுற்று சுற்றி வாங்க. ரூபாய் நாணயம் அளவு கறை என்றால் ஒரு காலைப் பொழுது வேலை. அதே கறை ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டால், கூப்பிட வேண்டியது மரம் வெட்டும் ஆளைத்தான்!